களைப்பும் உணவுக் குறைபாடும்
மக்னீசியம், வைட்டமின்கள் பற்றிய ஒரு பாடம்

வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்களும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. ‘உடம்பு அசதியாக இருக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது’ என்பதே அது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. ஆகவே வீட்டார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. களைத்த பெண்ணுக்குச் ‘சோம்பேறி’ என்ற பெயரும், மேசைமேல் தலை சாய்க்கும் மாணவனுக்கு ‘மந்தபுத்தி’ என்ற பெயரும் எளிதில் கிடைத்துவிடுகின்றன. அப்பெயர்களுக்குப் பின்னால் பல வேளைகளில் குறைபட்ட உணவும், வெளிறிய இரத்தமும், வலுவிழந்த தசையும் மறைந்திருக்கின்றன. இவற்றை உரிய காலத்தில் அறிந்துகொள்வது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

களைப்பு ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவானதோர் அறிகுறி. உறக்கக் குறைவு, மிகையான உழைப்பு, மனக்கவலை ஆகியவற்றால் அது தோன்றலாம். காசநோய், நீரிழிவு, தைராய்டுச் சுரப்பிக் குறைவு, இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். உணவுக் குறைபாடு இக்காரணங்களுள் ஒன்று. களைப்புற்றவர் அனைவருக்கும் வைட்டமின் குறைவு என்று கொள்வது எவ்வளவு தவறோ, உணவைப்பற்றி விசாரியாமல் விடுவதும் அவ்வளவு தவறாகும்.

தசையினுள் நிகழ்வது யாது?

நாம் உண்ணும் மாவுப்பொருளும் கொழுப்பும் உயிரணுக்களுள் படிப்படியாகச் சிதைந்து ஆற்றலைத் தருகின்றன. அந்த ஆற்றல் நேராகச் செலவாவதில்லை. அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஒரு சேர்மத்தில் அது முதலில் சேமிக்கப்படுகிறது. இதனை ஏ.டி.பி. என்று சுருக்கமாகக் கூறுவர். தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தியைக் கடத்துவதற்கும், இருதயம் துடிப்பதற்கும் இதுவே கைப்பணம் போன்றது.

இச்சேர்மத்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆந்திரப் பகுதியிலுள்ள பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், பின்னர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்க் என்பவருடன் ஆராய்ச்சி செய்தார். தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை அவ்விருவரும் 1927-ல் வெளியிட்டனர். 1929-ல், ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்ட அதே ஏ.டி.பி.யை அவர்களும் தனியே பிரித்தறிந்தனர். தசை எதனால் களைக்கிறது என்னும் கேள்விக்கு அடிப்படையான விடை அந்த ஆண்டுகளிலேயே உருப்பெறத் தொடங்கியது.

ஏ.டி.பி. உண்டாவதற்கும் பயன்படுவதற்கும் பல துணைப்பொருள்கள் வேண்டும். அவற்றுள் மக்னீசியம், பி தொகுதி வைட்டமின்கள், இரும்பு ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அடுப்பில் விறகு இருந்தும் காற்று இல்லாத நிலை ஏற்படுகிறது.

மக்னீசியத்தின் பங்கு

தாவரங்களின் பச்சையத்துக்கு நடுநாயகமாக அமைந்திருக்கும் உலோகம் மக்னீசியமே. மனித உடலிலும் அதன் இடம் சிறிதன்று. வளர்ந்தவர் ஒருவரது உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தசையிலும் பிற மெல்லிய திசுக்களிலும் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்கு அளவே. ஏ.டி.பி. பெரும்பாலும் மக்னீசியத்துடன் சேர்ந்த நிலையிலேயே உடலில் பணிபுரிகிறது. நூற்றுக்கணக்கான நொதிகள் இதன் துணையை நாடி நிற்கின்றன.

மக்னீசியம் வெகுவாகக் குறைந்தால் பசியின்மை, குமட்டல், தளர்ச்சி ஆகியவை முதலில் தோன்றும். பின்னர்த் தசைப்பிடிப்பும் கை நடுக்கமும் உண்டாகும். கடுமையான நிலையில் வலிப்பும் இருதயத் துடிப்பின் ஒழுங்கீனமும் நேரலாம். இத்தகைய கடுங்குறைவு உணவினால் மட்டும் ஏற்படுவது அரிது. நாட்பட்ட வயிற்றுப்போக்கு, கட்டுப்படாத நீரிழிவு, மிகுந்த குடிப்பழக்கம், சிறுநீரைப் பெருக்கும் சில மருந்துகள், வயிற்றின் அமிலத்தைக் குறைக்கச் சிலர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவை பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன. ஆகவே களைத்தவரிடம் என்ன உண்கிறார் என்று கேட்பதோடு, என்ன மருந்து உட்கொள்கிறார் என்றும் கேட்டல் வேண்டும்.

மிதமான குறைவு பொதுவான அசதிக்கு எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதில் விஞ்ஞானிகள் நிதானமாகவே பேசுகின்றனர். இரத்தச் சோதனை இதற்கு முழு விடை தருவதில்லை. இரத்தத்தின் அளவு குறையும்போது எலும்பும் தசையும் தம் சேமிப்பிலிருந்து ஈடு செய்வதால், உள்ளே குறைவிருந்தும் சோதனையில் எண் சரியாகத் தோன்றக்கூடும். எனவே மக்னீசிய உப்புகளைக் கண்டபடி விழுங்குவதைவிட, உணவைச் சீர்செய்வதே பொதுமக்களுக்குப் பொருத்தமான வழி. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இவ்வுப்புகள் தீங்கு விளைவிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஆண்களுக்கு 440 மில்லிகிராமும் பெண்களுக்கு 370 மில்லிகிராமும் மக்னீசியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராமும், கம்பிலும் முழுக் கோதுமை மாவிலும் சுமார் 120 மில்லிகிராமும் மக்னீசியம் உள்ளது. நன்கு தீட்டிய பச்சரிசியில் இருப்பதோ சுமார் 20 மில்லிகிராம். மைதாவில் சுமார் 30 மில்லிகிராம். தவிட்டோடு இச்சத்தும் ஆலையிலேயே நீங்கிவிடுகிறது. பயறு வகைகள், நிலக்கடலை, எள், கீரைகள் ஆகியவற்றிலும் இது நிறைந்திருக்கிறது. டில்லியில் குளிர்காலத்தில் கம்பு ரொட்டியும் கடுகுக்கீரையும் உண்ணும் பழைய வழக்கமும், தமிழ்நாட்டில் கேழ்வரகுக் கூழும் கீரைக்குழம்பும் உண்ணும் வழக்கமும் இவ்வகையில் போற்றத்தக்கவை.

தயமின்: தீட்டிய அரிசி கற்பித்த பாடம்

மாவுப்பொருள் ஆற்றலாக மாறும் பாதையில் வைட்டமின் பி1 எனப்படும் தயமின் ஒரு திறவுகோல். இது குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் உண்டாகிறது. கால்கள் கனத்தல், பாதங்களில் மரமரப்பு, சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், பெருங்களைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

முன்னாளில் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் இந்நோய் மிகுந்திருந்தது. அங்கு மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். புழுங்கல் அரிசி உண்ட தென்மாவட்டங்களில் நோய் அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிமணியின் உட்புறம் சென்று படிகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சிப் பிரிவே காலப்போக்கில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. தயமினை 1936-ல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார் நெல்லூரில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அரிசியைப் பலமுறை கழுவுவதும், மிகுந்த நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் இச்சத்தைப் போக்கும் வழிகள். இரண்டையும் தவிர்க்குமாறு இல்லத்தரசிகளுக்கு எடுத்துரைப்பது செலவில்லாத சிகிச்சை எனலாம்.

போலிக் அமிலமும் பி12-உம்

1928-ல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான சோகையால் வாடினர். சோதித்துப் பார்த்தபோது அவர்களுடைய சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தன. மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறியதை அவர் கண்டு, 1931-ல் வெளியிட்டார். ‘வில்ஸ் காரணி’ என்று அழைக்கப்பட்ட அப்பொருளே போலிக் அமிலம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 1941-ல் பசலைக்கீரையிலிருந்து அது பிரிக்கப்பட்டது. 1945-ல் அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முன்னர்க் கூறிய சுப்பாராவே ஆவார்.

பி12 என்னும் வைட்டமின் 1948-ல் தனித்தெடுக்கப்பட்டது. இது கோபால்ட் என்னும் உலோகத்தைத் தன்னுள் கொண்டது. நுண்ணுயிர்களே இதனை ஆக்கவல்லவை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இது கிடைக்கிறது. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. நாள் ஒன்றுக்கு வேண்டுவது சுமார் 2 மைக்ரோகிராம் மட்டுமே எனினும், பாலும் வாங்க இயலாத சைவ உணவினருக்கு அதுவும் கிட்டுவதில்லை. கல்லீரலில் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்பதால் குறைவு மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். களைப்பு, சிவந்து புண்பட்ட நாக்கு, விரல்மூட்டுகளில் கருமை, பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், மறதி ஆகியவை இதன் அறிகுறிகள்.

இக்குறைவு தாயோடு நிற்பதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1962-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. பி12 குறைந்த தாய்மாரிடம் பால் மட்டுமே அருந்திய கைக்குழந்தைகள் சோர்ந்து, விளையாட்டை மறந்து, கற்ற அசைவுகளையும் இழந்து கிடந்தன. தோலில் கருமை படர்ந்திருந்தது. பி12 கொடுத்ததும் அவை மீளத் தேறின. தாயின் அசதியை அற்பமாக எண்ணலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இங்கு ஓர் அபாயத்தைக் கள ஊழியர் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். போலிக் அமிலம் குறைந்தாலும் பி12 குறைந்தாலும் இரத்தத்தில் தோன்றும் மாறுதல் ஒன்றுபோலவே இருக்கும். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் சோகை நீங்கும்; முகத்தில் செம்மை திரும்பும்; அனைவரும் மகிழ்வர். ஆனால் உள்ளே நரம்புகளின் அழிவு தொடர்ந்து நடைபெறும். காலந்தாழ்ந்து கண்டறிந்தால், இழந்த உணர்ச்சி முழுதும் திரும்பாமலும் போகலாம். இதனால் அரசாங்கம் வழங்கும் இரும்பு–போலிக் அமில மாத்திரைகளை அஞ்சி விலக்கவேண்டும் என்பதில்லை. அவை பெருநன்மை பயப்பவை. மரமரப்போ தடுமாற்றமோ உள்ளவரை மாத்திரையோடு விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதே கருத்து.

டில்லியில் வெயிலும் வைட்டமின் டி-யும்

டில்லியின் வெயிலை அறியாதார் இலர். அத்தகைய நகரில் வெயிலால் உண்டாகும் வைட்டமின் டி குறையக்கூடும் என்று எவரும் எளிதில் நம்பார். எனினும் 2000-ஆம் ஆண்டில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தைச் சேர்ந்த ரவீந்தர் கோஸ்வாமியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி இதனையே மெய்ப்பித்தது. படைவீரர், மருத்துவர், செவிலியர், கருவுற்ற பெண்கள், அவர்தம் பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நாள்தோறும் வெயிலில் பயிலும் படைவீரர்களின் நிலை மற்றவர்களினும் மேலாக இருந்தது. பிறரைக் காக்கும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமுமே இவ்வைட்டமின் குறைந்திருந்தது. 2005-ல் டில்லிப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுங்குறைவு காணப்பட்டது.

காரணம் கடினமானதன்று. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களுள் குறுகிய அலைநீளம் உடையவை தோலில் படும்போதுதான் இவ்வைட்டமின் உண்டாகிறது. காலை எட்டு மணிக்கு அலுவலகப் பேருந்து ஏறி, மாலை இருட்டிய பின் வீடு திரும்புவோர்மேல் அக்கதிர் படுவதில்லை. சன்னற்கண்ணாடியை அக்கதிர் ஊடுருவாது. உடல் முழுதும் மூடிய உடை அதனைத் தடுக்கிறது. கருநிறத் தோலுக்கு மிகுந்த நேரம் வேண்டும். குளிர்காலத்தில் கதிர் சாய்ந்து வருகிறது. புகைமூட்டம் எஞ்சியதையும் வடிகட்டிவிடுகிறது. 2002-ல் வெளியான மற்றோர் ஆய்வில், காற்று மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் வைட்டமின் டி அளவு, மாசு குறைந்த குர்காவ்ன் பக்கத்துக் குழந்தைகளின் அளவில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது.

கடுங்குறைவு உள்ளவருக்கு இடுப்பிலும் தொடையிலும் தசை வலுவிழக்கும். தரையிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமை, மாடிப்படி ஏறுவதில் துன்பம், எலும்பில் மந்தமான வலி ஆகியவற்றைக் கேட்டறியவேண்டும். எனினும், குறைவு உள்ளோர் அனைவரின் களைப்பும் இதனைக் கொடுத்ததும் நீங்கிவிடும் என்பதற்கில்லை. டில்லியிலேயே இதே மருத்துவ நிறுவனத்தார் நடத்திய சோதனைகளுள், 2010-ல் வெளியான ஒன்றில் கைப்பிடி வலிமையும் கெண்டைக்கால் வலிமையும் கூடின. 2012-ல் இளம்பெண்களிடம் நடத்திய மற்றொன்றில் அத்தகைய பயன் காணப்படவில்லை. வைட்டமின் டி உடலில் செயலுருப் பெறுவதற்கு மக்னீசியமும் வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் தனியே நோக்குவது பொருந்தாது. மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் வைட்டமின் டி ஊசிகளையும் பொடிகளையும் தொடர்ந்து பயன்படுத்தினால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும்.

இரும்பை மறக்கலாகாது

மிகவும் பரவலானது சோகை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர்கள். இதற்கு முதற்காரணங்களுள் ஒன்று இரும்புக் குறைவு. நுரையீரலிலிருந்து பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு இன்றியமையாதது. அது குறைந்தால், உணவு இருந்தும் உடல் எரிபொருளைப் பயன்படுத்த இயலாது களைக்கிறது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீல மாத்திரை இதற்கெனவே அமைந்தது. அதனை உணவுக்குப் பின் நீருடன் விழுங்கச் செய்யவேண்டும்; தேநீருடன் கொடுத்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதனைச் சேர்க்க உதவும். மலம் கறுப்பது தீங்கன்று என்று மாணவியருக்கு முன்னரே சொல்லிவைத்தால் அவர்கள் அஞ்சி நிறுத்தமாட்டார்கள்.

கள ஊழியர் செய்யவேண்டுவன

களைப்பென்று வருபவரிடம் பின்வருவனவற்றை வரிசையாக விசாரித்தல் நலம்.

1. எத்தனை நாட்களாகக் களைப்பு? உறங்கி எழுந்தால் நீங்குகிறதா?
2. நேற்றுக் காலை முதல் இரவு வரை உண்டவை யாவை? பால், முட்டை, கீரை, பயறு ஆகியவை வாரத்தில் எத்தனை முறை?
3. பெண்களாயின், மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியா? கருவுற்றிருக்கிறாரா? பாலூட்டுகிறாரா?
4. நாட்பட்ட வயிற்றுப்போக்கு உண்டா? நெடுங்காலமாக உட்கொள்ளும் மருந்து உண்டா?
5. பாதங்களில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம் உண்டா?
6. நாளில் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கிறார்?

பிறகு கண்ணிமையின் உட்புறம், நாக்கு, நகம், விரல்மூட்டு ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணமின்றி உடல் மெலிதல், மிகுந்த தாகமும் சிறுநீர்ப் பெருக்கும், கால் வீக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உணவு பற்றிய அறிவுரையோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். கடையில் விற்கும் சத்து மருந்தைச் சில மாதம் குடித்துப் பார்ப்போம் என்று காலங்கடத்துவதால் காசநோயும் நீரிழிவும் முற்றிவிடுகின்றன.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிறு சோதனை நடத்தலாம். தீட்டிய அரிசி, தீட்டாத அரிசி, முழுக் கோதுமை, மைதா, கேழ்வரகு ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, எதில் தவிடு உள்ளது, எதில் இல்லை என்று மாணவர்களையே கண்டறியச் செய்யலாம். நண்பகல் இடைவேளையில் மாணவர்களை வகுப்பறையில் அடைத்து வைக்காமல், டில்லிக் குளிர்காலத்தில் முற்றத்து வெயிலில் உலவ விடுவதும் ஒரு கல்வியே.

உறங்கும் மாணவனை எழுப்புவதற்கு முன், அவன் காலையில் என்ன உண்டான் என்று ஒருமுறை கேட்டல் நன்று. அக்கேள்விக்கு வரும் விடையே பல வேளைகளில் சிகிச்சையின் தொடக்கமாக அமையும்.

பயிற்சி வினாக்கள்

1. இரத்தத்தில் மக்னீசியத்தின் அளவு சரியாக இருந்தும் உடலில் அது குறைந்திருக்கக்கூடும். ஏன்?
2. புழுங்கல் அரிசி உண்ட மாவட்டங்களில் பெரிபெரி குறைந்திருந்தது எதனால்?
3. பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் நேரும் தீங்கு யாது?
4. வெயில் மிகுந்த டில்லியில் வைட்டமின் டி குறைவதற்கான காரணங்கள் மூன்று தருக.
5. தங்கள் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் உணவுப்பொருள்களைக் கொண்டு, பாலூட்டும் தாய் ஒருவருக்கு ஒரு நாள் உணவுத்திட்டம் வகுக்க.